கரியில் வரைந்த கன்னம்

இயேசு மரி சூசை

உழவர்கரை,
திங்கட்கிழமை.

அன்பு மகள் அஞ்சலிக்கு,

அத்தை ஞானமேரி எழுதிக்கொண்டது. சனிக்கிழமை சாயங்காலம் ரெக்ஸ் வரைந்த படங்களின் கண்காட்சியைத் திறந்தார்கள். திறப்பு விழாவைத்தான் கார்டில் வெர்னிசாஜ் என்று போட்டிருந்தது. நீ வர முடியாததால் யார் யார் வந்தார்கள் என்று முதலில் எழுதிவிடுகிறேன். கேலரி நடத்தும் செம்மல் சார். ரெக்ஸோடு ஒரே அறையில் வேலை செய்த சிற்பி இளம்பரிதி. ரெக்ஸ் டிராயிங் வாத்தியாராக இருந்த பள்ளிக்கூடத்திலிருந்து மூன்று டீச்சர்கள். சென்னையிலிருந்து ஒரு டாக்டரும் அவர் மனைவியும். பிரெஞ்சுக்காரர்கள் ஐந்து பேர், அதில் ஒரு அம்மாள் கடைசிவரை கண்ணைத் துடைத்துக்கொண்டே இருந்தார், யாரென்று தெரியவில்லை. என்கூட பக்கத்து வீட்டு வேம்பு. பங்குச் சாமியார் வரவில்லை, அன்று அவருக்கு ஒரு கல்யாணப் பூசை. மாமா வந்தார், ஆனால் வாசலுக்கு வெளியே ஸ்கூட்டரிலேயே உட்கார்ந்துவிட்டார். அவரைச் சேர்த்துக்கொள்வதா வேண்டாமா என்று நீயே முடிவு செய்துகொள்.

லியோனில் குளிர் தொடங்கியிருக்கும். செபமாலையில் பத்து மணிகளைத் தினமும் உனக்காக உருட்டுகிறேன்.

கண்காட்சி வைக்க, ரெக்ஸின் மனைவியாக நீ சம்மதம் எழுதிக் கொடுத்திருப்பதாக, தவக்காலத்தின்போது செம்மல் சார் வீட்டுக்கு வந்து சொன்னார். அன்றைக்கே எனக்குக் கவலை பிடித்துக்கொண்டது. என் பிள்ளையின் படங்களைப் பார்க்க வேண்டும், எனக்கோ படம் பார்க்கத் தெரியாது. எட்டாவதோடு நின்றவள். ரெக்ஸ் வீட்டில் வைத்து வரைந்ததே இல்லை. அவன் வீட்டுக்குக் கொண்டுவந்தது கையில் ஒட்டியிருந்த கரி மட்டும்தான். அதனால் ஊரில் எங்கே கண்காட்சி நடந்தாலும் போய்ப் பழகிக்கொள்வது என்று தீர்மானித்தேன்.

முதல் இடத்தில் செருப்பை வாசலில் விட்டுவிட்டு உள்ளே போனேன். மேசையருகே இருந்த பெண், ‘போட்டுக்கினே வாங்கம்மா, இது கோயில் இல்ல’ என்றாள். வேம்பும் துணைக்கு வருவாள். ஓரிடத்தில் அறை நடுவே மீன்வலையைக் குவித்து வைத்து, சுற்றிலும் கயிறு கட்டியிருந்தார்கள். ‘இதப் பாக்கவா பஸ் ஏறி வந்தோம்? கனகசெட்டிக்குளத்துல எங்க சித்தி வூட்டு வாசல்ல நின்னா வலையும் பாக்கலாம், மீன் கொழம்பும் கிடைக்கும்’ என்று சத்தமாகவே சொல்லிவிட்டாள். அங்கே இருந்தவர்கள் எல்லாரும் சிரித்துவிட்டார்கள். ஆனால் நான் அந்த வலையிடம் வெகுநேரம் நின்றேன். கிழிந்த இடங்களையெல்லாம் யாரோ சிவப்பு நூலால் தைத்திருந்தார்கள். வேம்புவிடம் காட்டினேன். அப்புறம் அவளும் குனிந்து பார்த்தாள்.

போன இடம், வரைந்தவர் பெயர், பஸ் செலவு எல்லாவற்றையும் வீட்டுக் கணக்கு நோட்டிலேயே எழுதி வைத்தேன். மாமா பார்த்துவிட்டு, ‘புளி, பருப்பு, பொம்மை பாத்தது. நல்லாக் கீதுடி உன் கணக்கு’ என்று கேலி செய்தார். ஆனால் நான் திரும்பி வந்தால், இன்றைக்கு என்ன பார்த்தாய் என்று அவரேதான் கேட்பார்.

இப்போது எனக்குக் கொஞ்சம் தெரியும். முதலில் தள்ளி நின்று பார்க்க வேண்டும், பிறகு கிட்டே போக வேண்டும், மறுபடி தள்ளி வர வேண்டும். பக்கத்தில் ஒட்டியிருக்கும் சீட்டைக் கடைசியில்தான் படிக்க வேண்டும். இது என்ன, அது என்ன என்று உடனே கேட்கக்கூடாது. தொடக்கூடாது என்றும் எல்லா இடத்திலும் எழுதியிருப்பார்கள். அதுவும் எனக்குத் தெரிந்தேதான் இருந்தது, மகளே.

சனிக்கிழமை அழக்கூடாது, வேறு யாரோ வரைந்ததைப்போல முறையாகப் பார்க்க வேண்டும் என்று வேண்டிக்கொண்டு போனேன். முக்கால்வாசிப் படங்களை அப்படியே பார்க்க முடிந்தது. நோணாங்குப்பத்தில் கவிழ்த்துப் போட்டிருக்கும் படகுகள், மழைத்தண்ணீர் நிற்கும் தெரு, நம் மொட்டைமாடிக் கொடியில் காயும் உள்பாவாடை. என்னுடையதுதான். அதையெல்லாமா வரைவான்! வெறும் கரியில் அவ்வளவு வெளிச்சம் வரும் என்று எனக்குத் தெரியாது. நான் பார்த்த கண்காட்சிகளிலேயே இதுதான் நல்லது. பெற்றவள் என்பதால் சொல்லவில்லை. மற்றதையெல்லாம் பார்த்தவள் என்பதால் சொல்கிறேன்.

கடைசிச் சுவரில் தனியாக அவன் முகம் இருந்தது. நீ வேலைக்கு லியோன் போன பிறகு, அவன் விசாவுக்குக் காத்திருந்த நாட்களில் தன்னைத்தானே பார்த்து வரைந்தது. மற்ற படங்களுக்கெல்லாம் கண்ணாடிச் சட்டம் போட்டிருந்தார்கள். இதை மட்டும் அவன் பலகையில் குத்தி வைத்திருந்தபடியே மாட்டியிருந்தார்கள். காய்ச்சல் வந்து படுத்ததால் முடிக்காமல் விட்ட படம் என்று இளம்பரிதி சொன்னான்.

கோயிலில் அந்தோணியார் பாதத்தைத் தொட்டு விரலை முத்தி செய்வோமே, அப்படித்தான் என் கை போயிற்று. நினைத்துச் செய்யவில்லை. கண்ணுக்குக் கீழேயிருந்து தாடைவரை விரல்களால் தடவி, அந்த விரல்களை உதட்டில் வைத்துவிட்டேன். வாயில் கரி பட்டபோதுதான் என்ன செய்தேன் என்று புரிந்தது.

அவன் கண்ணை மூடிய அன்றைக்கு, நீ வந்து சேரட்டும் என்று அவனைக் குளிர்ப்பெட்டியில் வைத்திருந்தோம். குறையாகச் சொல்லவில்லை, வைக்கச் சொன்னதே நான்தான். அத்தனை நேரமும் கண்ணாடிக்கு மேலேதான் என் கை இருந்தது. எடுத்துச் சவப்பெட்டியில் கிடத்தும்போது பெண்களைப் பின்னால் தள்ளிவிட்டார்கள். நீ ஏர்போர்ட்டிலிருந்து வந்து இறங்க நேரமாகிவிட்டது, அதற்குள் அதையும் மூடியாயிற்று. இனித் திறக்க வேண்டாம் என்று பெரியவர்கள் சொல்லிவிட்டார்கள். நீ அந்த மூடியின்மேல் முகத்தை வைத்துப் படுத்துக்கொண்டது என் கண்ணைவிட்டுப் போகவில்லை.

படத்தில் இடது கன்னம் முழுக்கக் கலைந்துவிட்டது. ‘ஐயையோ, தொட்டுட்டாங்க!’ என்று யாரோ கத்த, எல்லாரும் திரும்பினார்கள். செம்மல் சார் கோபப்படவில்லை. ‘பரவால்லம்மா, உக்காருங்க’ என்று நாற்காலி கொண்டுவந்து போட்டார். அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. மற்ற படங்களுக்குக் கரி உதிராமல் இருக்க ஏதோ மருந்து அடித்திருக்கிறதாம். இதற்கு அவன் அடிக்கவில்லையாம். வெறும் தூள்தான் காகிதத்தில் நின்றுகொண்டிருந்ததாம்.

சத்தம் கேட்டு மாமா உள்ளே வந்தார். படத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். ‘ஏண்டி அழற? தாடி வுட்டா மாதிரிதான கீது. ஷேவ் பண்ணுடா, ஷேவ் பண்ணுடான்னு கத்துவேனே, அதே மூஞ்சி’ என்றார். சொல்லிவிட்டு மறுபடியும் ஸ்கூட்டருக்கே போய்விட்டார். மற்ற படங்களை அவர் இன்னும் பார்க்கவில்லை.

இப்போது எழுத வந்த விஷயம். அந்தப் படத்தைச் சென்னை டாக்டர் வாங்குவதாக இருந்தது. கலைந்த கன்னத்தை அழித்துவிட்டு, போட்டோவைப் பார்த்து இளம்பரிதி மறுபடி வரைந்து கொடுத்தால் எடுத்துக்கொள்கிறேன் என்கிறார். பார்ப்பவர்களுக்கு வித்தியாசமே தெரியாதாம். படங்கள் உன்னுடையவை. நீ சொல்லாமல் செம்மல் சார் எதுவும் செய்யமாட்டார். வரும் ஞாயிற்றுக்கிழமை கண்காட்சி முடிகிறது, அதற்குள் முடிவு தெரிய வேண்டும் என்கிறார். அடக்கம் முடிந்து போனதிலிருந்து போன் அடித்தால் நீ எடுப்பதில்லை. என்னோடு பேச உனக்கு எவ்வளவு கஷ்டம் என்று எனக்குத் தெரியும். அதனால்தான் எழுதி, இளம்பரிதியிடம் கொடுத்துப் போட்டோ பிடித்து அனுப்பச் சொல்கிறேன். உனக்கு முடிகிற நேரத்தில் படித்துக்கொள்.

விற்பதுதான் உனக்கு நல்லது என்றால் விற்றுவிடு. கெடுத்தவள் நான், ஒரு வார்த்தை சொல்லமாட்டேன். ஆனால் என்னைக் கேட்டால், இன்னொரு கை அந்த முகத்தை வரைய வேண்டாம். இளம்பரிதி கெட்டிக்காரன், நல்ல பிள்ளை. இருந்தாலும் அவன் வரைந்தால் அது ரெக்ஸ் தன்னைப் பார்த்து வரைந்த முகமாக இருக்காது.

எனக்குக் கொடு என்று கேட்கவில்லை. எனக்குக் கிடைத்துவிட்டது. நீ அதை உன்னிடம் வரவழைத்துக்கொள். உடையாமல், உரசாமல் வந்து சேர இளம்பரிதி பெட்டி செய்து தருகிறேன் என்கிறான். வலது கன்னத்தில் யார் கையும் படவில்லை. அவன் விட்டது விட்டபடியே இருக்கிறது.

வேலை வேலை என்று சாப்பிடாமல் இருக்காதே. மாதா உன்னைத் தன் முந்தானைக்குள் வைத்துக் காப்பாள். மாமாவும் உன்னை விசாரித்ததாக எழுதச் சொன்னார்.

ஞாயிற்றுக்கிழமைக்கு முன்பு, ஒரு வரியானாலும் சரி, எனக்குப் பதில் எழுது.

என்றும் உன்னை நினைக்கும்,
அத்தை ஞானமேரி