காய்ச்சல் என்றால் கானா என்று சொல்

ராயபுரம்

என் கண்மணி ஃபவாஸுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். அம்மா எழுதுகிறேன். இங்கே நானும் உன் தங்கை சபீஹாவும் நலம். நீ நலமாக இருக்க ஒவ்வொரு தொழுகையிலும் கேட்டுக்கொண்டிருக்கிறேன்.

போனில் நான் பேச்சை எடுத்தாலே "சரிம்மா, சரிம்மா" என்று வைத்துவிடுகிறாய். அதனால்தான் உன் கம்பெனிக்கே வேலைக்கு வரும் காஜா மொய்தீன் கையில் கொடுத்தனுப்புகிறேன். காகிதத்தைக் கட் பண்ண முடியாது இல்லையா.

பார்சலில் கொசுவலை இருக்கிறது. சுருட்டித் தலைக்கு வைத்துக்கொள்ளாதே, கட்டிப் படு. நெத்திலிக் கருவாட்டுப் பொடியும் வைத்திருக்கிறேன். உனக்குப் பிடித்த மிலிட்டரி டிசைன் பேண்ட்டை சபீஹா வைத்தாள், நான் எடுத்துவிட்டேன். கானா நாட்டில் பட்டாளத்தார் தவிர யாரும் அதைப் போடக்கூடாதாம். துறைமுகத்தில் நின்று செல்ஃபி எடுக்காதே. கண்ட தண்ணீரைக் குடிக்காதே. மஞ்சள் காய்ச்சல் ஊசி போட்டதற்குக் கொடுத்த மஞ்சள் அட்டையைப் பாஸ்போர்ட்டோடு வை. அது இல்லாவிட்டால் திரும்பி வரும்போது ஏர்போர்ட்டிலேயே பிடித்துத் தனியாக வைத்துவிடுவார்கள்.

மலேரியா மாத்திரை வயிற்றைப் புரட்டுகிறது, விட்டுவிட்டேன் என்று சபீஹாவிடம் சொன்னாயாமே. அதைக் கேட்டதிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. புரட்டினால் அங்குள்ள டாக்டரிடம் சொல்லி வேறு மாத்திரை வாங்கு. கொருக்குப்பேட்டைக் கால்வாய்க் கொசுவிலேயே வளர்ந்தவன், எனக்கென்ன என்று வீறாப்புப் பேசாதே. உன்னைப் பெற்ற அத்தாவும் இதையேதான் சொன்னார்.

அத்தா இறந்ததை உனக்கு யாரும் முழுதாகச் சொன்னதில்லை. அப்போது உனக்குப் பரீட்சை நேரம். அவர் கிரேன் ஓட்டியதும் நீ இப்போது இருக்கும் இதே கானாவில், டெமா துறைமுகத்தில்தான். ஆனால் அவர் அண்ணன், உன் பெரியத்தா, தெருவெல்லாம் துபாய் என்று சொல்லி வைத்திருந்தார். ஆப்பிரிக்கா என்றால் சிங்கம் கடிக்கவில்லையா என்று சிரிப்பார்கள், துபாய் என்றால் நாற்காலி போடுவார்கள். லீவில் வந்தவருக்குக் காய்ச்சல் அடித்தது. ஆஸ்பத்திரியில் டாக்டர், வெளிநாடு எங்காவது போனாரா என்று கேட்டபோது அத்தாவுக்குச் சுயநினைவில்லை. நான் டீ வாங்கக் கீழே போயிருந்தேன். சுற்றிலும் தெரிந்த முகங்கள். கூட நின்ற பெரியத்தா, "துபாய்லேர்ந்து வந்துகீறாரு சார்" என்றாராம். அவர்களும் சாதாரணக் காய்ச்சலுக்கே மருந்து ஏற்றினார்கள். ஆப்பிரிக்க மலேரியா என்று தெரிந்தபோது அது மூளைக்கு ஏறிவிட்டது. டெமாவில் காய்ச்சல் என்று போனாலே முதலில் ரத்தத்தைப் பார்ப்பார்கள் என்று அத்தாவே சொல்லியிருக்கிறார். அங்கேயே படுத்திருந்தால் பிழைத்திருப்பார், ஃபவாஸ்.

இப்போது நீயும், உனக்குப் பேசி வைத்திருக்கும் பெண் ஹஃப்சா வீட்டில் துபாய் என்றே சொல்லச் சொல்கிறாய். நிக்காஹுக்கு நீ வந்து இறங்குவாய். சுற்றிலும் சம்பந்தி வீட்டார் நிற்பார்கள். அப்போது காய்ச்சல் அடித்தால் கானா என்று யார் வாயைத் திறப்பார்கள்? நினைக்க நினைக்கப் பயமாக இருக்கிறது.

அதனால் நேற்று பெரியத்தாவை அழைத்துக்கொண்டு வண்ணாரப்பேட்டைக்கு, பெண் வீட்டுக்குப் போனேன். கோபப்படாதே. அவர்தான் முதலில் பேசினார். "புள்ள துபாய்ல இல்ல, கானாவுல கீறான். என் தம்பியும் அங்கதான் இருந்தான்" என்று சொல்லும்போதே அழுதுவிட்டார். ஹஃப்சாவின் அத்தா, "இத்தினி நாளா இன்னாத்துக்கு மறைச்சீங்க?" என்று கேட்டுவிட்டு எழுந்து உள்ளே போய்விட்டார். நிக்காஹ் உண்டா இல்லையா என்று இன்னும் தகவல் இல்லை. படியிறங்கும்போது ஹஃப்சா மட்டும் பின்னாலேயே வந்து, "மாத்திரையெல்லாம் ஒழுங்காப் போடுறாரா மாமி?" என்று கேட்டாள். அதற்குப் பதில் நீதான் சொல்ல வேண்டும்.

நிக்காஹ் நடந்தாலும் சரி, நின்றாலும் சரி, நீ வந்து சேர். வந்தபின் உடம்பு லேசாகச் சுட்டாலும், மாலையும் கழுத்துமாக நின்றாலும், அப்படியே ஆஸ்பத்திரிக்கு ஓடு. டாக்டர் கேட்பதற்கு முன்னால் கானா என்று சொல். உனக்கு நினைவில்லாமல் போனாலும் நான் சொல்வேன், பெரியத்தா சொல்வார், அந்தப் பெண்ணும் சொல்வாள். துபாய் என்று சொல்ல இங்கே இனி யாரும் இல்லை.

இதைப் படித்து முடித்ததும் எழுந்து போய் டாக்டரைப் பார். அல்லாஹ் உன்னை நல்ல உடம்போடு என் கண்ணெதிரே கொண்டுவந்து நிறுத்துவானாக.

துஆவுடன்,
உன் அம்மா ஜன்னத்