ஹாலில் ஒரு கேமரா

அன்பு மகளுக்கு,

இங்கே எல்லாம் வழக்கம்போலத்தான். பால்காரர் வருவதில்லை, போனில் தட்டினால் வாசலில் பாக்கெட் கிடக்கிறது. வங்கியில் யாராவது முகம் பார்த்துப் பேசினால் அதிசயம். புலம்பவில்லை, சும்மா சொல்கிறேன்.

“தினமும் உங்களைப் பார்த்துக்கிட்டே இருப்பேன்ப்பா” என்று ஹாலில் கேமரா மாட்டிவிட்டுப் போனாய் அல்லவா? அன்றிலிருந்து எவ்வளவு புழுங்கினாலும் சட்டை இல்லாமல் ஹாலுக்கு வருவதில்லை. முட்டி வலி உனக்குத் தெரியக் கூடாதென்று ஹாலைக் கடக்கும் அந்தக் கொஞ்ச தூரம் நிமிர்ந்து நடப்பேன். சமையலறைக்குள் போய்த்தான் சுவரைப் பிடித்துக்கொள்வேன். படுக்கப் போகும்முன் கேமராவைப் பார்த்துக் கையாட்டுவதும் உண்டு. உன் அம்மா இருந்திருந்தால் தலையில் அடித்துக்கொண்டிருப்பாள்.

நேற்று ஃபேனைப் பார்க்க வந்த எலக்ட்ரீஷியன் ஏணியில் நின்றபடியே, “சார், இந்த கேமரா ஓடலையே. மழைக்காலத்துலயே வயர் போயிருக்கு. இத்தனை மாசமா யாரும் கவனிக்கலையா?” என்றார்.

“பொண்ணுக்கு வேலை ஜாஸ்தி தம்பி” என்றேன்.

அவர் போனபின் சட்டையைக் கழற்றிப் போட்டுவிட்டு ஹாலிலேயே உட்கார்ந்திருந்தேன். காற்று நன்றாகத்தான் வந்தது.

ஞாயிற்றுக்கிழமை மறுபடி வருகிறாராம். சரி பண்ணச் சொல்லட்டுமா, வேண்டாமா என்று மட்டும் எழுது.

அப்பா