இருபத்தேழாம் எண்ணின் தூக்கம்

மதிப்புக்குரிய ஆராய்ச்சி அக்காவுக்கு,

வணக்கம். புது ஊரில் நலமாக இருக்கிறீர்கள் என்று நம்புகிறேன். நான் உங்கள் ஆராய்ச்சியில் இருபத்தேழாம் எண்ணாக இருக்கும் அம்மாவின் மகள். உங்கள் கட்டடத்தில் மாடிப்படி துடைக்கிற அம்மா என்றால் உடனே தெரியும். என்னை நீங்கள் பார்த்ததில்லை. எங்கள் வீட்டுக்கு வந்த நான்கு முறையும் நான் சமையலறைக் கதவுக்குப் பின்னால்தான் நின்றேன். ஒருமுறை என் கால்விரல் தெரிந்துவிட்டது போல. "உங்க பொண்ணு வெளியில வரமாட்டாளா?" என்று கேட்டீர்கள். "அவளுக்கு உள்ள வேலை இருக்கும்மா" என்றார் அம்மா. உள்ளே ஒரு வேலையும் இல்லை.

எனக்குப் பேச வராது, எழுதினால் கொஞ்சம் வரும். ஒன்பதாம் வகுப்போடு நின்றவள், பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். வேலை செய்யும் சலவைக்கூடத்தில் சாப்பாட்டு இடைவேளையில் இதை எழுதுகிறேன். காலையிலிருந்து விடுதிப் படுக்கை விரிப்புகளை மடித்து மடித்துத் தோள் கழன்றுவிட்டது. கையெழுத்து கோணலாக இருப்பது அதனால்தான்.

தினமும் தூக்கத்தைக் குறித்துவைக்கும் கடைசி மாத நோட்டை உங்களுக்குத் தபாலில் போடச் சொல்லி அம்மா என்னிடம் கொடுத்தார். எண் சரியாக எழுதியிருக்கிறதா என்று பார்க்கத்தான் பிரித்தேன். பன்னிரண்டாம் தேதிக்கு எதிரே இப்படி இருந்தது: "இரண்டு முறை விழிப்பு. ஒன்றே முக்காலுக்குத் தண்ணீர் குடித்தது. மூன்று இருபதுக்கு ஜன்னல் பக்கம் உட்கார்ந்தது. வேலையில் புது மேற்பார்வையாளர் சத்தம் போட்டதால் இருக்கலாம்."

புது மேற்பார்வையாளர் வந்தது எங்கள் சலவைக்கூடத்துக்கு. தண்ணீர் குடித்ததும் ஜன்னல் பக்கம் உட்கார்ந்ததும் நான்.

அக்கா, அது என் தூக்கம். உங்களிடம் இருக்கும் மற்ற மூன்று நோட்டுகளிலும் இருப்பது நான்தானாம். நேற்று அம்மாவிடம் கேட்டேன். முதலில் "உனக்கெதுக்குடி அதெல்லாம்" என்று சீறினார். பிறகு முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு ஒத்துக்கொண்டார்.

நான் எவ்வளவு மக்கு என்று சொல்கிறேன், கேளுங்கள். தூக்கத்தை அளக்க நீங்கள் கொடுத்த கைப்பட்டையை அம்மா நீட்டி, "எனக்கு அரிக்குதுடி, ராத்திரி மட்டும் நீ கட்டிக்க" என்றார். கட்டிக்கொண்டேன். பரிசோதனைக்கு மலம் எடுத்துவைக்கக் கொடுத்த அந்த மூடி போட்ட டப்பா விஷயத்தில், "எனக்கு ரெண்டு நாளா ஆகலை, அவங்க வண்டி வர்ற நேரம், நீயே உதவி பண்ணு, வெளியில சொன்னா மானம் போயிடும்" என்றார். இதற்கு மேல் போக என்ன மானம் இருக்கிறது என்று நினைத்துக்கொண்டு அதையும் செய்தேன். தினமும் குடிக்கச் சொல்லி நீங்கள் கொடுத்த பொடியை மட்டும் அம்மா குடிப்பதாகவே நம்பினேன். அது தினமும் என் பாலில் கரைந்திருக்கிறது. முதல் இரண்டு வாரம் என் வயிறு ஓயாமல் உறுமியது. இஸ்திரி இயந்திரம் ஓட்டும் நீராவி அத்தை (கோபம் வந்தால் மூக்கில் புகை வரும், அதனால் அந்தப் பெயர்) "யாருடி அது, மெஷினை நிறுத்தின பிறகும் சத்தம் வருது?" என்று கேட்டு எல்லாரையும் சிரிக்க வைத்தார். அன்று முழுக்க நான் தலை நிமிரவில்லை.

அம்மா ஏன் இப்படிச் செய்தார் என்பதற்குப் பழைய கதை ஒன்று இருக்கிறது. பள்ளிக்கூடம் போன நாளில் எனக்குத் தினமும் காலையில் வயிறு வலிக்கும். எழுந்து நின்று வாசிக்கச் சொன்னால் வாந்தியே வந்துவிடும். பார்த்த டாக்டரெல்லாம் வயிற்றில் ஒன்றும் இல்லை என்றார்கள். ஒன்றும் இல்லை என்றதும், "நடிக்கிறா" என்றார்கள் டீச்சர்கள். அம்மாவும் ஒருநாள் அப்படிச் சொன்னார். அதற்குப் பிறகு நான் பள்ளிக்குப் போகவில்லை.

உங்கள் அறை வாசலைத் துடைத்துக்கொண்டிருந்தபோதுதான் நீங்கள் யாருக்கோ விளக்குவதை அம்மா கேட்டிருக்கிறார். குடலுக்குள் கோடிக்கணக்கில் கிருமிகள் இருக்கின்றன, எல்லாம் கெட்டவை இல்லை, நார்ச்சத்துதான் அவற்றுக்குச் சாப்பாடு, வயிறும் மூளையும் ஓயாமல் பேசிக்கொள்கின்றன, பயமும் தூக்கமும் வயிற்றோடு சேர்ந்தவையா என்று பார்க்கிறோம் என்றீர்களாம். அம்மா துடைப்பத்தைப் பிடித்தபடியே நின்றுவிட்டாராம். "என் பொண்ணு நடிக்கலைன்னு ஒருத்தி சொல்லிட்டா" என்று நேற்று அழுதார். ஆனால் பதினெட்டு வயது ஆகியிருக்க வேண்டும் என்று ஆராய்ச்சிக்கு ஆள் கேட்ட அறிவிப்பில் இருந்தது. எனக்குப் பதினாறு. அதனால் தன் பெயரைக் கொடுத்துவிட்டார்.

நீங்கள் கேள்வி கேட்கும்போது, பதில் சொல்லும் முன் அம்மா சமையலறைக் கதவைப் பார்த்துக்கொண்டது உங்களுக்கு நினைவிருக்கிறதா? "யாராச்சும் பேர் சொல்லிக் கூப்பிட்டாலே வயித்தைப் பிசையும்மா. நாலு பேர் இருந்தா நாக்கு ஒட்டிக்கும். காலையில எழுந்திரிக்கவே பயமா இருக்கும்" என்றார். கதவுக்குப் பின்னால் நான் திகைத்துப்போனேன். பேருந்தில் அடுத்தவர் இடத்தில் உட்கார்ந்தவரை அதட்டி எழுப்பிவிடுகிற அம்மாவா இது? அம்மாவுக்கும் என்னைப் போலத்தான் போலிருக்கிறது, இத்தனை நாள் மறைத்திருக்கிறார் என்று நம்பினேன். பாவமாக இருந்தது. கொஞ்சம் துணையாகவும் இருந்தது. அன்றிலிருந்து நானே முதலில் எழுந்து தேநீர் போட்டேன். அம்மாவுக்கு நாக்கு ஒட்டிக்கொள்ளுமே என்று கடைக்கு நானே போய் வாய் திறந்து சாமான் கேட்டேன். முதல் தடவை கடைக்காரர், "உனக்குப் பேச வருமா?" என்றார்.

போன வாரம் நீங்கள் போனில் அம்மாவிடம், இருபத்தேழாம் எண்ணுக்கு ஒன்றரை மணி நேரத் தூக்கம் கூடியிருக்கிறது, அடுத்த கட்டத்துக்கும் வர வேண்டும் என்று சொன்னீர்கள். போனை வைத்துவிட்டு அம்மா, "ஒன்றரை மணி நேரம்டி!" என்று என் கன்னத்தைக் கிள்ளினார். தனக்காகச் சந்தோஷப்படுகிறார் என்றுதான் அப்போதும் நினைத்தேன்.

நான்கு நாளாக நோட்டு வைத்த இந்த உறை என் பையில் கிடக்கிறது. சொன்னால் அம்மாவை உங்கள் கட்டடத்தில் வேலை செய்ய விடுவார்களா என்று பயம். சொல்லாவிட்டால், நாற்பத்து நான்கு வயது அம்மாவின் பெயரில் என் வயிறும் என் பயமும் உங்கள் கணக்கில் இருக்கும். ஒரு பதில் பொய்யானாலும் தூங்க முடியாத எத்தனையோ பேரைத் தவறான வழியில் அனுப்பிவிடுவோம் என்று நீங்கள் சொன்னதைக் கதவுக்குப் பின்னால் கேட்டேன். அதுதான் எழுதிவிட்டேன். எழுதப்போகிறேன் என்று நேற்று இரவே அம்மாவிடம் சொன்னேன். "என்ன ஆகுதோ ஆகட்டும், அனுப்பு" என்று திரும்பிப் படுத்துக்கொண்டார்.

இரண்டு வகைப் பொட்டலம், ஒன்றில் மருந்துப் பொடி, இன்னொன்றில் சும்மா மாவு, யாருக்கு எது என்று எனக்கே தெரியாது என்றீர்கள். நான் குடித்தது எது என்று பின்னால் தெரிந்தாலும் என்னிடம் சொல்ல வேண்டாம்.

இன்னும் ஒன்று இருக்கிறது, அதைக் கேட்கத்தான் இவ்வளவும். பட்டை நான் தூங்கும்போது தானாகவே குறித்துக்கொள்ளும். நோட்டை ஒரு கைதான் எழுத வேண்டும். ஒன்றே முக்காலையும் மூன்று இருபதையும் பார்த்து எழுத, யாரோ விழித்திருக்க வேண்டும். நான் ஆறு மணி நேரம் அசையாமல் தூங்கிய இரவுக்கு எதிரேயும் "ஆறு மணி நேரம், அசைவில்லை" என்று எழுதியிருக்கிறது. விடிவதற்குள் வாளியோடு கிளம்புகிறவர் அம்மா. நான்கு மாதமாக அம்மாவின் தூக்கத்தைப் பற்றி யாருமே கேட்கவில்லை. நீங்கள் கேட்டதாக நினைத்தீர்கள். ஒரே அறையில் படுக்கும் நானும் கேட்கவில்லை.

இருபத்தேழாம் எண்ணை அடித்துவிடுங்கள். அம்மாவின் வேலையை மட்டும் எப்படியாவது காப்பாற்றுங்கள். இந்தப் பக்கம் வரும்போது ஒருமுறை வீட்டுக்கு வந்து, அதே கேள்விகளை அம்மாவிடம் கேளுங்கள் அக்கா. அம்மா பழக்கத்தில் சமையலறைக் கதவைப் பார்ப்பார். நான் அங்கே இருக்க மாட்டேன். அம்மா பக்கத்திலேயே உட்கார்ந்திருப்பேன்.

இப்படிக்கு,
நீங்கள் இதுவரை பார்க்காத
இருபத்தேழாம் எண்