கியர் மாறாத வண்டி

பங்குனி, சனி இரவு.

காலையில் வண்டி நன்றாகத்தான் கிளம்பியது. தஞ்சாவூர் நெருங்கும்போது மறுபடி அதே கதை. எஞ்சின் கத்துகிறது, அடுத்த கியர் விழவில்லை, வண்டி ஊர்கிறது.

என் இடது காலுக்குக் கிளட்ச் மிதிக்க வலுவில்லை. இந்தப் பழைய ஆட்டோமேட்டிக் இருப்பதால்தான் யார் தயவும் இல்லாமல் பள்ளிக்கூடம் போய்வருகிறேன்.

பட்டறையில் மெக்கானிக் கியர் ஆயில் குச்சியை உருவி மோந்து பார்த்தார். "கருகின வாடை அடிக்குது டீச்சர். எதையாச்சும் கட்டி இழுத்தீங்களா?"

இல்லை என்றேன். அவர் வண்டிக்கு அடியில் கையை விட்டு, காய்ந்த உளுந்தஞ்செடியைக் கொத்தாக இழுத்துப் போட்டார்.

கூட வந்திருந்த என் வீட்டுக்காரர் தலையைக் குனிந்துகொண்டார். "நீ உங்க அம்மா வீட்டுக்குப் போயிருந்தப்ப மழை இருட்டிக்கிட்டு வந்துச்சு. அறுத்த உளுந்த அடிக்க டிராக்டர் கிடைக்கல. ரோட்டுல பரப்பி, நம்ம வண்டிய மேல ஏத்தி அடிச்சேன்."

செடிமேல் போய்ப்போய் வர, வண்டி முழுசாக நிற்பதற்குள்ளேயே முன்னுக்கும் பின்னுக்கும் கியரை மாற்றி மாற்றிப் போட்டிருக்கிறார், மழை விழும்வரை.

"கியர் பெட்டியப் பிரிச்சாத்தான் தெரியும். பழைய மாடல், சாமான் கிடைக்குமான்னு சொல்ல முடியாது" என்றார் மெக்கானிக்.

வண்டியை அங்கேயே விட்டுவிட்டு பஸ்ஸில் வந்தோம். படியேற இவர்தான் கை கொடுத்தார்.

திட்டவும் முடியவில்லை. அன்று மழை கொட்டியது நிஜம். உளுந்து மூட்டைகள் கூடத்தில் இருக்கின்றன, ஒரு மணிகூட நனையவில்லை.

"திங்கக்கிழமை நான் பைக்ல கொண்டுபோய் விடுறேன்" என்றார். "செவ்வாய்க்கிழமை?" என்று கேட்டேன். அதற்குள் தூங்கிவிட்டார்.