பெஞ்சுக்குப் பக்கத்துப் பாம்புச்செடி

ஜூன் 2, திங்கள்

பாம்புச்செடியின் மூன்றாவது இலையும் இன்று சாய்ந்துவிட்டது. மாவட்டத்தில் எல்லா அலுவலகங்களுக்கும் ஒரே ஆர்டரில் வந்திறங்கிய வெள்ளைத் தொட்டி. 'பசுமை அலுவலகம்' என்று பெயர். எங்கள் தாலுகா அலுவலகத்தில் பிரிவுக்கு ஒன்று. எங்களுடையது மனுக்காரர்கள் காத்திருக்கும் வாசல் பெஞ்சுக்குப் பக்கம், சன்னலோரம் இருக்கிறது. பொறுப்பு: மாலதி, பட்டாப் பிரிவு. முப்பத்திரண்டு வருஷ சர்வீஸில் எனக்குக் கடைசியாகக் கிடைத்த பதவி.

செழியன் சார் குனிந்து பார்த்தார். எங்கள் அதிகாரி, என் மகன் வயது. "சாகவே சாகாத செடின்னுதான் மேடம் இதை வாங்குனாங்க. இதையே சாய்ச்சிட்டீங்கன்னா எப்படி?"

ஜூலை கடைசியில் ஆய்வு. செடி பட்டுப்போனதற்காகப் பக்கத்துப் பிரிவு தமிழரசனுக்கு மெமோ வந்தாயிற்று. அவனுக்கு இன்னும் இருபது வருஷம் இருக்கிறது, தின்று செரித்துவிடுவான். எனக்கு ஜூலை 31 ஓய்வு. மெமோ ஒன்று பாக்கியிருந்தால் ஓய்வு ஆணையில் கையெழுத்து விழாது. நாலு இலைக்காகவா நான் தொங்க வேண்டும்?

ஜூன் 4

எல்லோரும் சொல்வது ஒன்றுதான். தண்ணீர். எங்கள் ஊர்ப் பக்கம் எது வாடினாலும் அதுதான் மருந்து. நானும் ஒரு சொம்பு ஊற்றினேன். தமிழரசன் யூரியா போடச் சொன்னான். மெமோ வாங்கியவன் யோசனையை யாராவது கேட்பார்களா? கேட்டேன்.

ஜூன் 7

நான்காவது இலை. அடியில் கொழகொழவென்று இருக்கிறது. நாற்றம் வேறு.

ஜூன் 8, ஞாயிறு

தொட்டியை மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் நீடாமங்கலம். நர்சரி வைத்திருக்கும் நெய்னா முகம்மது மண்ணில் விரலை விட்டுப் பார்த்தார். "என்னம்மா, நடவு வயலா இது? தண்ணி வடிய அடியில ஓட்டையே இல்ல."

பிடுங்கிக் காட்டினார். வேர் பழுப்பாக, தொட்டால் கையோடு வந்தது. அழுகியதையெல்லாம் நறுக்கி எறிந்தார். இரண்டு நாள் நிழலில் காயவைத்து, பாதி மணல் கலந்து, ஓட்டையுள்ள தொட்டியில் நட வேண்டுமாம். சாய்ந்த இலைக்குக் குச்சி வைத்துத் தளர்வாகக் கட்ட வேண்டும். ஒரு வாரம் தண்ணீர் கூடாது. அப்புறமும் மண் அடிவரை காய்ந்தால்தான். வெளிச்சம் மட்டும் முக்கியம்.

"நீங்க ஒண்ணும் செய்யாம இருந்தாலே பொழைச்சுக்கும்மா."

ஒன்றும் செய்யாமல் இருப்பதா? அதில் எனக்கு நல்ல அனுபவம் உண்டு.

ஜூன் 11

நட்டாயிற்று. 'தண்ணீர் ஊற்றக் கூடாது' என்று எழுதி, அலுவலக முத்திரை குத்தி ஒட்டினேன்.

ஜூன் 16

மண் ஈரம். யார் ஊற்றுவது? யார் கை இது?

ஜூன் 19, வியாழன்

பிடித்துவிட்டேன். இராஜாங்கம். உட்பிரிவுப் பட்டாவுக்காகப் போன ஆடியிலிருந்து திங்களும் வியாழனும் வந்து அந்த பெஞ்சில் உட்காருகிற விவசாயி. பாட்டிலைக் கவிழ்த்துக்கொண்டிருந்தார்.

"ஒட்டியிருக்கே, படிக்கலையா?"

"படிச்சேங்கம்மா. காலையிலேருந்து சும்மாதானே உட்கார்ந்திருக்கேன். கண்ணு முன்னாடி ஒண்ணு வாடுனா கை கேக்க மாட்டேங்குது." இனிமேல் ஊற்ற மாட்டேன் என்றார்.

ஜூன் 23

ஊற்றியிருக்கிறார்.

ஜூன் 30

ஒரு வாரமாகச் செடியை உள்ளே பீரோவுக்குப் பின்னால் ஒளித்து வைத்திருந்தேன். இருட்டில் இன்னும் துவண்டுவிட்டது. சாரும் கண்டுபிடித்துவிட்டார். "பொதுமக்கள் பார்வையில வைக்கணும்னு ஆர்டர் மேடம்." பழைய இடத்துக்கே போனது. ஒரு மாதம்தான் இருக்கிறது.

ஜூலை 1

செடியை நகர்த்த முடியாது. பெஞ்சு சுவரோடு பதித்தது. நகர்த்தக்கூடியது இராஜாங்கம் மட்டும்தான். அவர் எதற்கு வருகிறார்? பட்டாவுக்கு.

கோப்பைத் தேடினேன். சர்வேயர் அறிக்கை பிப்ரவரியிலேயே வந்து என் டிரேயில் கிடக்கிறது. நான்கு வரி நான் எழுத வேண்டியதுதான் பாக்கி. வெட்கமாக இருந்தது. கொஞ்ச நேரம். எழுதி முடிக்கக் கால் மணி ஆகவில்லை.

ஜூலை 3

பட்டாவைக் கையில் கொடுத்தேன். அவர் கண் கலங்கிவிட்டது. "தெய்வம்ங்கம்மா நீங்க." போகிற போக்கில் செடியைப் பார்த்து மறுபடி பாட்டிலைத் திறந்தார். ஓடிப்போய்ப் பிடுங்கினேன்.

ஜூலை 7

மண் ஈரம்! பெஞ்சில் மலர்க்கொடி என்று ஒரு அம்மாள். பெயர்த் திருத்தம், எட்டு மாதம், கையில் பெரிய பாட்டில். அவர் கோப்பையும் எடுத்தேன்.

ஜூலை 18

பதினொரு பேர் கோப்பு முடிந்தது. பெஞ்சு காலி. மண் பொருக்குத் தட்டிக் கிடக்கிறது. என் கண்ணே பட்டுவிடும்.

ஜூலை 29

ஆய்வு. மிஞ்சிய இலைகள் குச்சியைப் பிடித்து நிமிர்ந்து நிற்கின்றன, பக்கத்தில் ஒரு புதுக் குருத்து. செடி வளர்ப்பில் சிறந்த அலுவலர் என்று எனக்குச் சான்றிதழ். பெஞ்சு ஏன் காலி என்று ஒருவரும் கேட்கவில்லை.

ஜூலை 31

மாலை, சால்வை, ஓய்வு ஆணை. மெமோ இல்லை.

செப்டம்பர் 22, திங்கள்

ஓய்வூதியத் தாள் விஷயமாக வேறொரு அலுவலகம். நான்காவது தடவை. மேசைக்குப் பின்னால் இருந்த பெண் தலை நிமிராமல், "அடுத்த வாரம் வாங்கம்மா" என்றாள். பெஞ்சில் உட்கார்ந்தேன். பக்கத்தில் அதே வெள்ளைத் தொட்டி, அதே செடி, செழிப்பாக. மண்ணில் விரலை விட்டுப் பார்த்தேன். ஈரமாகத்தான் இருந்தது.

பாட்டில் தண்ணீர் முழுவதையும் ஊற்றினேன். பிறகு கீழே இறங்கிப் போய், குழாயில் மறுபடி நிரப்பிக்கொண்டு வந்தேன்.