நாலு மணிக்கு இரண்டு ரிங்

மார்ச் 4, செவ்வாய்

இன்று நாலு மணிக்கு ஃபோன் அடிக்கவில்லை.

சபையின் சங்கிலி ஜெபத்தில் மூன்றிலிருந்து நாலு அண்ணியின் முறை, நாலிலிருந்து ஐந்து என்னுடையது. ஒருவர் முடித்ததும் அடுத்தவருக்கு இரண்டு ரிங் கொடுத்து வைத்துவிட வேண்டும். பேசக் கூடாது. இருபத்திரண்டு வருடமாக நடக்கிறது. கடைசி ஏழு வருடம் அண்ணிக்கும் எனக்கும் இடையில் அந்த இரண்டு ரிங் தவிர வேறு பேச்சு வார்த்தை கிடையாது. பேசக் கூடாது என்ற விதி எங்களுக்கு வசதியாகப் போயிற்று.

நான் வேலை செய்யும் சலவைக்கடையின் முதலாளிக்கும் இது பழக்கம். ஃபோன் அடித்ததும் "போங்கக்கா, டியூட்டி வந்துருச்சு" என்று இஸ்திரிப் பெட்டியை வாங்கிக்கொள்வார். பின்னறையில், துவைத்த விரிப்பு மூட்டைகளுக்கு நடுவில் முழங்காலிட்டுப் பிசாசை விரட்டி ஜெபிப்பேன். இன்று நாலு பத்துக்கு அவரே கேட்டார்: "என்னக்கா, இன்னிக்குப் பிசாசுக்கு லீவா?"

சிரித்தேன். உள்ளுக்குள் ஒரு சின்ன சந்தோஷம் வேறு. சங்கிலியை விட்டது நான் இல்லை, அவங்கதான்.

மார்ச் 5, புதன்

இன்றும் இல்லை. பாஸ்டர் அம்மாவிடம் சொல்லிவிடலாமா? சொன்னால் பட்டியலிலிருந்து அண்ணியின் பெயரை எடுத்துவிடுவார்கள். சொல்லத்தான் கை துறுதுறுக்கிறது.

மார்ச் 6, வியாழன்

அண்ணன் கடைக்கே வந்தான். சட்டைப் பித்தானை மாற்றிப் போட்டிருந்தான். அண்ணிக்கு செவ்வாய்க்கிழமை வாதம் வந்து வலப்பக்கம் இழுத்துவிட்டதாம், ஜெபிக்க உட்கார்ந்த இடத்திலேயே.

"உன்னை வான்னு சொல்ல வரல. உனக்குத் தெரியணும்னு தோணுச்சு."

அவன் போனதும் நான் சேர்த்து வைத்திருந்த வாக்கியம் எழுந்து உட்கார்ந்துகொண்டது. எந்த வாசலைத் திறந்து வெச்சீங்க அண்ணி?

ஏழு வருடத்துக்கு முன் ஆஸ்பத்திரி வராந்தாவில் அவர் சொன்னதுதான் அது. என் கணவர் உள்ளே மூச்சுக்குத் தவித்துக்கொண்டிருந்தார். அண்ணி என் கையைப் பிடித்துக்கொண்டு, "எங்கேயோ சாத்தானுக்கு வாசலைத் திறந்து வெச்சிருக்கீங்க. யோசிச்சுப் பாரு" என்றார். மறுநாள் இவர் போய்விட்டார். நான் யோசித்தேன். மாதக்கணக்கில் யோசித்தேன், தாயத்து ஏதாவது கிடக்கிறதா என்று அலமாரிகளைக் கூடத் துழாவினேன். அப்புறம் யோசிப்பதை விட்டுவிட்டு, அந்தக் கேள்வியைத் திருப்பிக் கொடுப்பதற்காக இஸ்திரி போட்டு மடித்து வைத்துக்கொண்டேன்.

மார்ச் 7, வெள்ளி

வேலை ஓடவில்லை. பழசெல்லாம் வருகிறது.

அண்ணி கல்யாணமாகி வந்தபோது எனக்குப் பதினேழு வயது. ஒரே விரிப்பை நாலாக மடித்து இரண்டு பேரும் முழங்காலிடுவோம். பாதியில் அவர் தூங்கிவிடுவார். நான் கிள்ளுவேன். "ஆமென்!" என்று வீடு அதிர எழுவார். ஒரு உபவாச ஜெபத்தில் அப்போதைய பாஸ்டர், "சாத்தானே, வெளியே போ!" என்று கத்தவும் மைக் கீச்சென்று அலறவும் சரியாக இருந்தது. அண்ணி என் காதில், "ஐயோ, போகமாட்டேன்னு அடம்பிடிக்குதே" என்றார். வாயைப் பொத்திக்கொண்டு வெளியே ஓடினோம். படிக்கட்டில் உட்கார்ந்து வயிறு வலிக்கச் சிரித்தோம். எத்தனை நல்ல நாட்கள் அவை! பிசாசு அப்போது எங்கள் பக்கம் வரவே யோசித்திருப்பான்.

அந்த அண்ணியா என்னிடம் அப்படிச் சொன்னது?

நாளை போகிறேன். வாக்கியமும் என்னோடு வரும், தெரியும்.

மார்ச் 8, சனி

ஆஸ்பத்திரியில் அண்ணியைப் பார்த்தேன். வாய் ஒரு பக்கம் கோணியிருக்கிறது. பேச்சு குழறினாலும் புரிகிறது. என்னைப் பார்த்ததும் அழுதார்.

"எந்த வாசலைத் திறந்து வெச்சேன்னு தெரியலையே... யோசிச்சு யோசிச்சுப் பாக்கறேன்."

கண்ணில் அப்படி ஒரு பயம். நான் சொல்ல வந்ததை அவரே தனக்குச் சொல்லிக்கொண்டிருந்தார். நான் சும்மா இருந்தால் போதும்.

சும்மா இருந்தேன். போர்வையை இழுத்துவிட்டு பஸ் ஏறி வந்துவிட்டேன்.

மார்ச் 9, ஞாயிறு

ஆராதனையில் பாட வாய் வரவில்லை. நாலு மணிக்கு, "அண்ணியைப் பிசாசின் பிடியிலிருந்து விடுவியும்" என்று ஆரம்பித்து நின்றுவிட்டேன். அவன் இருக்கிறான், அதில் எனக்குச் சந்தேகமில்லை. இருபத்திரண்டு வருடம் நான் காற்றோடு சண்டை போடவில்லை. ஆனால் நேற்று அந்தப் பயத்தை அங்கேயே இருத்திவைக்க அவனுக்கு ஒரு ஆள் தேவைப்பட்டது. நான் கட்டில் பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருந்தேன்.

ச்சீ, என்ன மனுஷி நான்!

மார்ச் 10, திங்கள்

லீவு போட்டுவிட்டுப் போனேன்.

"வாசலும் இல்ல, ஜன்னலும் இல்ல அண்ணி. பி.பி. மாத்திரையை ஒழுங்காப் போடற பழக்கம் உங்களுக்கு என்னிக்கு இருந்துச்சு?" என்றேன். அதோடு நிறுத்தியிருக்கலாம். நிறுத்த முடியவில்லை. "இதை சனிக்கிழமையே சொல்லியிருக்கணும். வேணும்னேதான் சொல்லாம போனேன்."

அண்ணி இடது கையால் என் கையைத் தேடினார்.

"அன்னிக்கு... வராந்தாவுல... நான் சொன்னது..."

அவரே முடிக்கட்டும் என்று காத்திருந்தேன். 'தப்பு' என்ற ஒரு சொல்லுக்காக அந்த நாக்கு மூன்று தடவை முயன்றது. மூன்றாவது தடவை வந்தது. இருவரும் அழுதோம்.

அவருடைய மூன்று மணியையும் நானே பார்த்துக்கொள்கிறேன் என்றேன்.

"தூங்கிடாதே," என்றார்.

மார்ச் 19, புதன்

இரண்டு மணி நேரம் முழங்காலிட்டால் மூட்டையைப் பிடித்துத்தான் எழ முடிகிறது. "டபுள் ஷிஃப்டாக்கா?" என்கிறார் முதலாளி.

ஏப்ரல் 22, செவ்வாய்

அண்ணி வீட்டுக்கு வந்து பத்து நாளாகிறது. இன்று முதல் மூன்று மணி மறுபடி அவருடையது. மூன்றே முக்காலிலிருந்து ஒரே சட்டையை இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தேன்.

நாலுக்கு அடித்தது. ஒரு ரிங். இரண்டு. மூன்று. நாலு.

"எடுங்கக்கா," என்றார் முதலாளி.

எடுத்தேன்.

"விரல் சரியா வரல. கட் பண்ற பட்டனை அமுக்க முடியல," என்றார் அண்ணி.

என் நம்பரின் பத்து எண்ணையும் அமுக்கிய விரல்தான்.

"பரவால்ல அண்ணி, அப்படியே இருக்கட்டும்," என்றேன்.

இன்று நாலே முக்காலுக்குத்தான் முழங்காலிட்டேன்.