மூன்று கையெழுத்து, ஒரு வீடு

அன்புள்ள அக்கா,

நேற்று போத்தனூரில் உங்கள் பழைய வீட்டு வழியாக வந்தேன். ஜன்னல் கம்பிகளுக்குப் பச்சை பெயின்ட் அடித்துக்கொண்டிருந்தார்கள். அந்த வாசம் தெருமுனை வரைக்கும் வந்தது. வண்டியை ஓரமாக நிறுத்திவிட்டு அப்படியே நின்றேன். நீங்கள் போய் ஒரு மாதம் ஆகிறது. உங்களோடு பேசவேண்டும் போலிருந்தது.

கருமத்தம்பட்டியில் நாம் துணிப்பை தைக்கும் கம்பெனி தொடங்கியபோது பார்ட்னர்கள் மூன்று பேர். தையல் முழுக்க உங்கள் பொறுப்பு, கணக்கு என் பொறுப்பு. வெளியே போய் ஆர்டர் பிடிப்பது என் பெரியப்பா மகன், எனக்கு அண்ணன் முறை. எங்கள் தோட்டத்தில் உங்கள் அப்பா கூலிக்கு வேலை செய்தவர். அதனாலோ என்னவோ முதல் நாள் என் எதிரில் நாற்காலியில் உட்காரத் தயங்கினீர்கள். "பார்ட்னருங்கக்கா நீங்க, உக்காருங்க" என்றேன். சிரித்துக்கொண்டே உட்கார்ந்தீர்கள். அதற்குப் பிறகு அந்த நாற்காலியை யாருக்கும் விட்டுக்கொடுத்ததில்லை. மெஷின் வாங்க எடுத்த பேங்க் கடனில் மூவரும் வரிசையாகக் கையெழுத்துப் போட்டோம்.

நான்காம் வருஷம் அண்ணன், ஆர்டர் தந்தவர்களையெல்லாம் கூட்டிக்கொண்டு தனியாகத் தொழில் தொடங்கிவிட்டார். நம்மிடம் பை வாங்க ஆளில்லை. கம்பெனியை மூடி மெஷின்களை விற்றும் கடன் அடையவில்லை. நீங்களும் நானும் பேங்குக்குப் போனோம்.

"மூணுல ஒரு பங்குதானுங்களே நான் கட்டோணும்?" என்று மேனேஜரிடம் கேட்டீர்கள்.

அவர் சங்கடத்தோடுதான் சொன்னார். "கூட்டுக் கம்பெனிக் கடன்னா ஒவ்வொரு பார்ட்னரும் முழுசுக்கும் பொறுப்புங்கம்மா. யாருகிட்ட சொத்து இருக்குதோ அவங்ககிட்டயே மொத்தத்தையும் வாங்கலாம். அப்பறம் நீங்கதான் மத்தவங்ககிட்ட கேட்டு வாங்கிக்கோணும்."

அண்ணன் தன் பேரில் எதையும் வைத்திருக்கவில்லை, எல்லாம் அண்ணி பேரில். எங்கள் தோட்டம் அப்பா பேரில். சொத்து என்று இருந்தது, ரயில்வேயில் வேலை பார்த்த உங்கள் கணவர் விட்டுப்போன வீடு ஒன்றுதான்.

தோட்டத்தில் என் பங்கைப் பிரித்துத் தரச்சொல்லி அப்பாவிடம் கேட்டேன். "உம் பேர்ல ஒண்ணும் இல்லியே, பேங்க்ல உன்னை என்ன பண்ணுவாங்க? பேசாம இரு கண்ணு" என்றார். நானும் பேசாமல் இருந்துவிட்டேன். கோர்ட் நோட்டீஸ் வந்ததும் நீங்கள் போன் செய்தீர்கள். எடுக்கவில்லை. இரண்டு வாரம், தினமும் ஒருமுறையாவது அடித்தது. திரையில் உங்கள் பேர் அணைகிற வரைக்கும் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருப்பேன். பிறகு அழைப்பு வரவில்லை. ஏலத்தில் அடிமாட்டு விலைக்குப் போய்விடும் என்று நீங்களே வீட்டை விற்றுக் கடனைக் கட்டிய செய்தி, வேறு யாரோ சொல்லித்தான் எனக்குத் தெரிந்தது.

ஆறு வருஷம் கழித்து அப்பா காலமானார். என் பங்கு நிலம் கைக்கு வந்ததும் விற்றேன். அண்ணன் எதுவும் தரப்போவதில்லை என்பதால், நீங்கள் கட்டியதில் பாதிக்குச் செக் எழுதிக்கொண்டு உங்கள் வாடகை வீட்டுக்கு வந்தேன். வேண்டாம் என்பீர்களோ என்று பயந்திருந்தேன். நீங்களோ கண்ணாடியை மாட்டிக்கொண்டு தொகையை நிதானமாகப் படித்தீர்கள்.

"வேண்டாம்னு சொல்லமாட்டேன் அம்மணி. இது எம்பட ஊட்டுக் காசு."

டீ போட்டுக் கொடுத்தீர்கள். நான் குடித்து முடித்த பிறகுதான் கேட்டீர்கள். "ஏன் அம்மணி, போனை எடுக்கவே இல்ல?"

"பயமா இருந்துச்சுங்கக்கா."

"எனக்கும் பயமாத்தான் இருந்துச்சு. காசு இல்லாட்டிப் போகுது. வந்து பக்கத்துல உக்காந்திருந்தீன்னா, ரெண்டு பேரும் சேர்ந்து பயந்திருக்கலாம்."

திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன்.

உங்கள் கடைசி மாதங்களில் ஆஸ்பத்திரிக்கு ஒவ்வொரு தடவையும் நானும் கூட வந்தேன். டாக்டர் அறை வாசலில் காத்திருக்கும்போது உங்கள் கை நடுங்கும். பிடித்திருந்த என் கையும் நடுங்கியது.

பணத்தில் என் பங்கைத் தந்துவிட்டேன், அக்கா. அந்த இரண்டு வாரத்தை எதை விற்றுத் தருவது என்று எனக்குத் தெரியவில்லை. அது இன்னும் என் பேரில்தான் இருக்கிறது.